கேட்டால் பதில் சொல்லும் மென்பொருள்: திரை வாசிப்பானோடு பேச வைப்பது எப்படி

ஒலிப்பதிவுக்கென்று ஒரு சின்ன டெஸ்க்டாப் மென்பொருள் எழுதியிருந்தேன். நடுவில் பெரிய சிவப்பு வட்டம். அதைச் சொடுக்கினால் பதிவு தொடங்கும், மறுபடி சொடுக்கினால் நிற்கும். பக்கத்தில் ஒலியளவுக்கு ஒரு ஸ்லைடர், கீழே பழைய பதிவுகளின் பட்டியல். பார்வையற்ற நண்பர் ஒருவர் அதை நிறுவினார். டேப் விசையை ஐந்தாறு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் பட்டன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவருடைய திரை வாசிப்பான் சாளரத்தின் தலைப்பைச் சொன்னது, பிறகு "பேன்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எனக்குக் கண்ணைப் பறித்த அந்தச் சிவப்பு வட்டம் அவருடைய கணினியில் இல்லவே இல்லை.

அந்த வட்டத்தை அவருக்கும் பட்டனாக்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மென்பொருள் எழுதத் தெரியும், ஆனால் அணுகல் வசதி பற்றி இதுவரை யோசித்ததில்லை என்பவர்களுக்கு இது உதவும். பட்டன், பட்டியல் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் டூல்கிட் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

## தொடங்கும் முன்: வாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை

ஸ்கிரீன் ரீடர் என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. அது திரையில் உள்ள படத்தைப் பார்த்துப் படிக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் வசதி சிலவற்றில் உண்டு, ஆனால் அது வேறு வழியே இல்லாதபோதுதான். வழக்கமாக நடப்பது கேள்வி-பதில். வாசிப்பான் கேட்கும், உங்கள் மென்பொருள் சொல்லும்.

டாஸ் காலத்தில் இந்தக் கேள்வி-பதிலுக்குத் தேவை இருக்கவில்லை. திரை என்பது பெரும்பாலும் 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் உள்ள கட்டம். அதன் நினைவகத்தை வாசிப்பான் நேராகவே எடுத்துப் படித்துவிடும். வரைகலை இடைமுகம் வந்ததும் எழுத்தெல்லாம் வெறும் புள்ளிகளாகிவிட்டது. உடனே வாசிப்பான்கள் ஒரு தந்திரம் செய்தன. "இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை" என்று நிரல்கள் இயங்குதளத்திடம் சொல்வதை நடுவில் நின்று ஒட்டுக்கேட்டு, தங்களுக்கென்று ஒரு நிழல் திரையைக் கட்டிக்கொண்டன. எழுத்து கிடைத்துவிடும். ஆனால் அது பட்டனா, தலைப்பா, அலங்காரமா என்பதெல்லாம் ஊகம்தான். 1997இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் அக்சசிபிலிட்டி வெளியிட்டபோதுதான் விண்டோஸில் நிரலே வாயைத் திறந்து "நான் ஒரு பட்டன்" என்று சொல்ல முறையான வழி பிறந்தது.

## படி 1: எந்த இயங்குதளத்தில் எந்த மொழி என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாசிப்பானும் நிரலும் கேள்வி-பதில் பேசிக்கொள்ளும் இடைமுகத்துக்கு ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒரு பெயர். விண்டோஸில் இன்று முதன்மையானது யூஐ ஆட்டோமேஷன். விஸ்டா காலத்தில் வந்தது. பழைய ஆக்டிவ் அக்சசிபிலிட்டியும் போய்விடவில்லை. அதன்மேல் ஐபிஎம் 2006இல் கட்டிய ஐ-அக்சசிபிள்2 என்ற நீட்சியை ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவை பயன்படுத்துகின்றன. மேக்கில் என்எஸ் அக்சசிபிலிட்டி. 2005இல் டைகர் பதிப்போடு வந்த வாய்ஸ்ஓவர் வாசிப்பான் அதன் வழியாகத்தான் கேட்கிறது. லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ. முன்பு கோர்பா என்ற கனமான ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்த அது, க்னோம் 3 காலத்தில் டி-பஸ்ஸுக்கு மாறியது. ஆர்கா வாசிப்பான் அதில்தான் பேசுகிறது.

இத்தனை பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இவற்றில் எதையும் நீங்கள் நேரடியாகத் தொடவேண்டி வராமலே போகலாம். க்யூட்டி, ஜிடிகே, டபிள்யூபிஎஃப், ஸ்விங், எலக்ட்ரான் என்று எதில் எழுதினாலும் உங்களுக்கும் இவற்றுக்கும் நடுவே டூல்கிட் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியாது.

விண்டோஸை எடுத்துக்கொண்டு, பயனர் டேப் தட்டும் ஒரு கணத்தைப் பார்ப்போம். உங்கள் மென்பொருளில் ஃபோகஸ், அதாவது விசைத் தட்டல்கள் போய்ச் சேரும் இடம், அடுத்த பட்டனுக்கு நகர்கிறது. டூல்கிட் "ஃபோகஸ் மாறியது" என்று ஒரு நிகழ்வைக் கிளப்புகிறது. வேறொரு புராசஸாக ஓடிக்கொண்டிருக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் அதைக் கேட்டு விழித்துக்கொள்கிறது.

"ஃபோகஸ் வந்திருக்கும் பொருள் எது?"
"இது."
"நீ என்ன வகை?"
"பட்டன்."
"பெயர்?"
"பதிவு செய்."
"நிலைமாறும் வகையா? இப்போது எந்த நிலை?"
"ஆம். அழுத்தப்படவில்லை."
"எந்தக் குழுவுக்குள் இருக்கிறாய்?"

இந்தப் பதில்களைக் கோத்து ஒரு வாக்கியமாக்கி, பேச்சொலி இயந்திரத்துக்கும் பிரெய்ல் காட்டிக்கும் அனுப்புகிறது. பயனருக்கு விசையைத் தட்டியதும் குரல் வந்துவிட்டதாகத் தோன்றும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் உங்கள் முதன்மை த்ரெட்தான் பதில் சொல்லும். அது கோப்பைச் சேமித்துக்கொண்டு மூன்று வினாடி அடைபட்டுக் கிடந்தால், வாசிப்பானும் கூடச் சேர்ந்து திகைத்து நிற்கும். பார்ப்பவருக்குச் சுற்றும் வளையமாவது தெரியும். கேட்பவருக்கு முழு மௌனம்தான்.

புராசஸ் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் பிடிக்கும் என்பதால், பல கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்ப யூஐ ஆட்டோமேஷனில் வழி உண்டு. ஃபயர்பாக்ஸ் 2023இல் 113ஆம் பதிப்போடு தன் அணுகல் பகுதியையே மாற்றி எழுதி, தேவையான விவரங்களை முன்கூட்டியே முதன்மைப் புராசஸில் சேர்த்துவைக்கத் தொடங்கியது. பெரிய பக்கங்களில் வேகம் கூடியதற்குக் காரணம் அதுதான்.

## படி 2: முதலில் காதால் கேளுங்கள்

நிரலைத் தொடும் முன் வாசிப்பானை ஓட விடுங்கள். விண்டோஸில் என்விடிஏ இலவசம். நிறுவிய பின் கன்ட்ரோல்+ஆல்ட்+என். கூடவே வரும் நரேட்டர் வேண்டுமென்றால் விண்டோஸ்+கன்ட்ரோல்+என்டர். மேக்கில் கமாண்ட்+எஃப்5. க்னோமில் சூப்பர்+ஆல்ட்+எஸ். முக்கியம்: அணைக்கும் வழியை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். என்விடிஏவுக்கு இன்சர்ட்+க்யூ, மற்ற மூன்றிலும் தொடங்கிய அதே விசைகள்தான். முதல் நாள் இது தெரியாமல் நான் கணினியையே மறுதொடக்கம் செய்தேன், வெளியே சொல்லாதீர்கள்.

குரல் வேகம் தொல்லையாக இருந்தால் என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் பேச்சுக் காட்டி இருக்கிறது. பேசுவதையெல்லாம் ஒரு சாளரத்தில் எழுத்தாகவும் காட்டும்.

மவுஸை நகர்த்தி வையுங்கள். டேப், ஷிஃப்ட்+டேப், அம்பு விசைகள், ஸ்பேஸ், என்டர், இவை மட்டும். எங்கெல்லாம் போக முடிகிறது, அங்கே என்ன கேட்கிறது, எங்கே மௌனம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸே போக முடியாத இடத்துக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தும் பயனில்லை. எனவே விசைப்பலகை வேலை முதலில், பெயர்கள் அப்புறம்.

## படி 3: மரத்தைத் திறந்து பாருங்கள்

உங்கள் சாளரத்துக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று அணுகல் மரம்: சாளரம் வேர், அதன் கிளையாகக் கருவிப்பட்டை, அதன் கீழ் பட்டன்கள், பக்கத்தில் பட்டியல், அதன் கீழ் வரிகள். வாசிப்பானுக்குத் தெரிவதெல்லாம் இந்த இரண்டாவது உருவம்தான்.

அதைப் பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸ் எஸ்டிகேயோடு இன்ஸ்பெக்ட் வருகிறது; புதியவர்களுக்கு அதைவிட மைக்ரோசாஃப்டின் அக்சசிபிலிட்டி இன்சைட்ஸ் எளிது, தவறுகளையும் சுட்டிக்காட்டும். மேக்கில் எக்ஸ்கோடுக்குள் அக்சசிபிலிட்டி இன்ஸ்பெக்டர். லினக்ஸில் அக்சர்சைசர். என்விடிஏ ஓடும்போது இன்சர்ட்+எஃப்1 தட்டினால் அப்போது இருக்கும் பொருளைப் பற்றி அது அறிந்த எல்லாவற்றையும் பதிவேட்டில் கொட்டும். எனக்கு அதிகம் உதவியது இதுதான். இன்ஸ்பெக்டில் சரியாகத் தெரிந்தும் வாசிப்பான் தப்பாகப் பேசினால், வாசிப்பான் என்ன புரிந்துகொண்டது என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

என் சிவப்பு வட்டத்தைத் தேடினேன். சாளரம், அதன் கீழ் பேன், முடிந்தது. வட்டத்தை நானே ஒரு கேன்வாஸில் வரைந்திருந்தேன். டூல்கிட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு வெற்றுப் பரப்பு இருக்கிறது என்பதுதான். நண்பர் கேட்ட "பேன்" அந்த வெற்றுப் பரப்பு.

எலக்ட்ரானில் எழுதுபவர்கள் இங்கே குழம்புவார்கள். குரோமியம் அணுகல் மரத்தைத் தேவைப்படும்போதுதான் கட்டும். வாசிப்பான் எதுவும் ஓடாத நேரத்தில் கருவியை வைத்துப் பார்த்து, "மரமே காலியாக இருக்கிறதே" என்று பதற வேண்டாம்.

மேக்கில் வேறொரு குழப்பம். கணினி அமைப்புகளில் அணுகல் வசதிக்கென்று ஓர் அனுமதிப் பட்டியல் இருக்கும். அது மற்ற மென்பொருள்களைப் படிக்கவும் இயக்கவும் விரும்பும் மென்பொருளுக்கானது. உங்கள் மென்பொருள் வாய்ஸ்ஓவருக்குப் பதில் சொல்ல அந்த அனுமதி தேவையில்லை.

## படி 4: நான்கு பதில்களைச் சரிசெய்யுங்கள்

மரத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் நான்கு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: என்ன வகை, என்ன பெயர், என்ன நிலை, மதிப்பு இருந்தால் என்ன மதிப்பு. வலைத்தள அணுகல் நெறிகளில் 4.1.2 என்ற எண்ணில் இருப்பதும் இதே சங்கதிதான்.

வகைக்குச் சுலபமான வழி, டூல்கிட் தரும் பட்டனையே எடுத்து அதன் தோற்றத்தை மாற்றிக்கொள்வது. நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். கேன்வாஸைத் தூக்கிவிட்டு, நிலைமாறும் பட்டன் ஒன்றை வைத்து அதற்கு வட்ட வடிவமும் சிவப்பு நிறமும் கொடுத்தேன். இருநூறு வரி நிரல் இருபது வரியானது. டேப், ஸ்பேஸ், அழுத்தப்பட்ட நிலை எல்லாம் இலவசமாகவே வந்துவிட்டன.

பெயரில்தான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். எழுத்தே இல்லாமல் ஐகான் மட்டும் உள்ள பட்டனுக்குப் பெயர் தானாக வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். க்யூட்டியில் அக்சசிபிள் நேம், டபிள்யூபிஎஃப்பில் ஆட்டோமேஷன் ப்ராபர்ட்டீஸ், ஜிடிகே 4இல் அக்சசிபிள் லேபிள், எலக்ட்ரானில் ஏரியா-லேபிள் என்று ஆளுக்கொரு இடம். உள்ளீட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் "கோப்பின் பெயர்" என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. அந்த எழுத்து இந்தப் பெட்டிக்குரியது என்று இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம்; மரத்தில் பக்கம் என்பதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். முதலில் "பதிவு பட்டன்" என்று பெயர் வைத்தேன். வாசிப்பான் வகையையும் சேர்த்துச் சொல்லும் என்பதை மறந்துவிட்டேன். "பதிவு பட்டன் பட்டன்" என்று கேட்டது. அடுத்து, பதிவு ஓடும்போது பெயரை "நிறுத்து" என்று மாற்றினேன். இப்போது கேட்டது: "நிறுத்து, பட்டன், அழுத்தப்பட்டது." நிறுத்தியாகிவிட்டதா, இனிமேல்தான் நிறுத்த வேண்டுமா? நண்பர் சிரித்தார். ஒன்று பெயர் மாறலாம், இல்லையென்றால் நிலை மாறலாம். இரண்டும் ஒன்றாக மாறக் கூடாது. "பதிவு" என்று பெயரை நிலையாக விட்டுவிட்டு, அழுத்தப்பட்டதா இல்லையா என்பதை நிலையிடமே ஒப்படைத்தேன்.

மூன்றாவது தவறு மொழிபெயர்ப்பில். திரையில் தெரியும் எழுத்தையெல்லாம் தமிழாக்கிவிட்டு, அணுகல் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் விட்டிருந்தேன். அவை கண்ணுக்குத் தெரியாதே! தமிழ்க் குரல் "ரெக்கார்டு" என்பதை எழுத்தெழுத்தாக உடைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அணுகல் பெயர்களும் மொழிபெயர்ப்புக் கோப்புக்குள் போக வேண்டும்.

குரலால் கணினியை இயக்குபவர்களுக்கும் இந்தப் பெயர்தான் பிடிமானம். திரையில் "சேமி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் "சேமியைச் சொடுக்கு" என்கிறார். உள்ளே நீங்கள் "கோப்பை வட்டில் எழுது" என்று பெயர் வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. திரையில் உள்ள சொல் அணுகல் பெயருக்குள்ளும் இருக்க வேண்டும்.

மதிப்பில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஸ்லைடர் உள்ளே 0.37 என்று வைத்திருக்கலாம். கேட்பவருக்கு "37 விழுக்காடு" என்று போகட்டும். கடவுச்சொல் பெட்டியை அதற்குரிய வகையாகவே அறிவியுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பான் அதை ஊருக்கே உரக்கப் படிக்கும்.

## படி 5: செயல்கள்

கேள்விக்குப் பதில் சொல்வதோடு, "இதைச் செய்" என்றால் செய்யவும் வேண்டும். யூஐ ஆட்டோமேஷனில் இதற்குப் பேட்டர்ன் என்று பெயர்: சாதாரணப் பட்டனுக்கு இன்வோக், நிலைமாறுவதற்கு டாகிள், ஸ்லைடருக்கு ரேஞ்ச் வேல்யூ, விரிந்து சுருங்குவதற்கு எக்ஸ்பாண்ட் கொலாப்ஸ். மேக்கில் பிரஸ், இன்க்ரிமென்ட் போன்ற செயல்கள். ஸ்விட்ச் ஒன்றை மட்டும் வைத்துக் கணினியை இயக்குபவரின் கருவி மவுஸையும் விசைப்பலகையையும் தொடாமல் இந்த வழியில்தான் பட்டனை அழுத்தக்கூடும். டூல்கிட்டின் சொந்த விட்ஜெட் (பட்டன், ஸ்லைடர் போன்ற உறுப்பு) என்றால் இதுவும் தயாராகவே இருக்கும்.

## படி 6: மாறினால் சொல்லுங்கள், ஆனால் நச்சரிக்காதீர்கள்

வாசிப்பான் எந்நேரமும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்காது. ஒன்று மாறினால் நீங்கள்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஃபோகஸ் மாறியது, நிலை மாறியது, மதிப்பு மாறியது, புதிய வரி சேர்ந்தது, இப்படி. மரத்தில் சரியான பதில் இருந்தும் நிகழ்வு கிளம்பாவிட்டால் வாசிப்பான் பழைய கதையையே நம்பிக்கொண்டிருக்கும். "இன்ஸ்பெக்டில் சரியாக இருக்கிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறது" என்ற புகார் வந்தால் முதலில் நிகழ்வைச் சந்தேகியுங்கள்.

எனக்கு வந்தது இதற்கு நேர் எதிரான நோய். பதிவின்போது குரல் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட ஒரு அளவுகாட்டி வைத்திருந்தேன். கையில் கிடைத்த முன்னேற்றப் பட்டை விட்ஜெட்டையே அதற்கும் பயன்படுத்தினேன். அது வினாடிக்கு முப்பது முறை மாறும். முன்னேற்றப் பட்டை நகர்ந்தால் என்விடிஏ பேசாது, வழக்கமாகப் பீப் ஒலி எழுப்பும்; மதிப்பு கூடக் கூட ஒலியும் உச்சத்துக்கு ஏறும். நண்பர் வாயைத் திறந்ததும் கணினி அவரோடு சேர்ந்து பாடத் தொடங்கியது.

சரி, என்ன செய்வது? அளவுகாட்டியின் வகையை மாற்றினேன். அதன் மதிப்பை யாராவது கேட்டால் மட்டும் சொல்லும்படி வைத்து, தானாகக் கிளம்பும் நிகழ்வுகளை நிறுத்தினேன். ஒலி எல்லை மீறி உடையும்போது மட்டும் ஒரே ஒரு அறிவிப்பு, அதுவும் சில வினாடிகளுக்கு ஒரு தடவைக்கு மேல் வராமல். பார்ப்பவர் அளவுகாட்டியை ஓரக்கண்ணால் பார்ப்பதே அது உடைகிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே. கேட்பவருக்கும் அந்தத் தகவல் போதும்.

ஃபோகஸை நகர்த்தாமல் "சேமிக்கப்பட்டது" என்பது போல ஒரு வரி சொல்லத் தனி அறிவிப்பு வழி இருக்கிறது. விண்டோஸ் 10 காலத்தில் யூஐ ஆட்டோமேஷனில் வந்தது; ஜிடிகேவில் 4.14, க்யூட்டியில் 6.8 முதல் உண்டு. அதற்கு முன்னால் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத லேபிள் ஒன்றை வைத்து அதன் எழுத்தை மாற்றி மாற்றி ஒப்பேற்றினார்கள். பழைய நிரலில் அப்படிக் கண்டால் திட்டாதீர்கள், அன்றைக்கு வேறு வழி இல்லை.

## படி 7: எழுத்துப் பெட்டியை நீங்களே எழுதாதீர்கள்

பட்டனை நீங்களே வரைந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். எழுத்துப் பெட்டியை நீங்களே வரைந்தால் வருடக் கணக்காகும். கர்சர் எங்கே, எது தேர்வாகியிருக்கிறது, இந்த வரி எங்கே முடிகிறது, அடுத்த சொல் எது என்று வாசிப்பான் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தமிழை வைத்தே பாருங்கள். "கோழி" நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி. பயனர் வலது அம்பைத் தட்டும்போது "ஓர் எழுத்தைக் கொடு" என்று வாசிப்பான் கேட்கிறது. குறியீட்டுக் கணக்கில் பதில் சொன்னால் "க" என்று ஒன்றும் பெயரற்ற ஒரு குறியும் கேட்கும். "கோ" என்று முழுசாகக் கொடுக்க வேண்டும்.

எண்ணுவதிலும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபாடு. ஏடி-எஸ்பிஐ யூனிகோடு எழுத்துகளாக எண்ணும்; ஐ-அக்சசிபிள்2உம் மேக்கும் யூடிஎஃப்-16 அலகுகளாக எண்ணும். தமிழ் எழுத்துகளில் இந்த வேறுபாடு தலைகாட்டாது, எமோஜி வந்ததும் காட்டும். ஒரு சிரிப்பு முகம் லினக்ஸில் ஒன்று, மற்ற இரண்டில் இரண்டு. அதற்குப் பிறகு வரும் எல்லா இடங்களும் ஒன்று தள்ளிப் போய்விடும். சோதனைக்கு எப்போதும் வாக்கியத்தின் நடுவில் ஓர் எமோஜி போட்டு வையுங்கள்.

## படி 8: பட்டியலும் இடமும்

பத்தாயிரம் பதிவுகள் உள்ள பட்டியலில், திரையில் தெரியும் இருபதுக்கு மட்டும்தான் நிரல் விட்ஜெட் உருவாக்கும். அதனால் "20இல் 3" என்று சொல்லிவிடாமல், மொத்த எண்ணிக்கையையும் வரியின் இடத்தையும் தனியாகக் கொடுங்கள். இரண்டுக்கும் பண்புகள் இருக்கின்றன.

ஒவ்வொரு பொருளும் திரையில் தன் இடத்தையும் சொல்ல வேண்டும். பார்வையற்றவருக்கு எதற்கு என்று கேட்கலாம். திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு உருப்பெருக்கி ஃபோகஸைத் தொடர்ந்து நகர வேண்டுமே! 150 விழுக்காடு அளவு வைத்த திரையில் இந்தக் கணக்கு தப்பிப் போவது வழக்கம். சாதாரணத் திரையில் மட்டும் சோதித்தால் கண்ணில் படாது.

## எல்லாவற்றையும் நீங்களே வரைந்துதான் ஆக வேண்டுமென்றால்

விளையாட்டு இயந்திரம், வரைபடக் கருவி என்று சில இடங்களில் டூல்கிட் விட்ஜெட்கள் பொருந்தா. முன்பெல்லாம் மூன்று இயங்குதளத்துக்கும் மூன்று தடவை எழுத வேண்டும். இப்போது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட அக்சஸ்கிட் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. மரத்தை நீங்கள் ஒரு முறை கட்டி, மாறிய பகுதியை மட்டும் அதனிடம் தள்ளினால் போதும்; யூஐ ஆட்டோமேஷனாகவும் என்எஸ் அக்சசிபிலிட்டியாகவும் ஏடி-எஸ்பிஐயாகவும் அதுவே மாற்றித் தரும். ஈகுயி என்ற இடைமுக நூலகமும் கோடாட் 4.5 என்ற விளையாட்டு இயந்திரமும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. புதிதாகத் தொடங்குபவர் இதைப் பார்க்காமல் கோடு எழுத உட்கார வேண்டாம்.

## கடைசிப் படி: மானிட்டரை அணையுங்கள்

கருவிகள் பச்சை விளக்குக் காட்டினாலும் அது பாதிதான். பெயர் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். பெயர் புரிகிறதா என்று பார்க்காது. எனவே ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில்: மென்பொருளைத் திற, பத்து வினாடி பதிவு செய், நிறுத்து, பெயர் வை, போட்டுக் கேள். மானிட்டரை அணைத்துவிட்டு வாசிப்பானை மட்டும் நம்பிச் செய்யுங்கள். பிறகு தினமும் வாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் வேகம் வேறு, பழக்கம் வேறு. நீங்கள் பொறுமையாகக் கேட்டு முடிக்கும் வாக்கியத்தை அவர் முதல் அசையிலேயே வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். அதனால் பெயரில் முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

என் மென்பொருளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கொடுத்த பதிப்பில், நண்பர் ஒரு பதிவு செய்து எனக்கு அனுப்பினார். போட்டுக் கேட்டால் முதல் இரண்டு வினாடி அவர் குரலே இல்லை. "அழுத்தப்பட்டது. பதிவு தொடங்கியது" என்று வாசிப்பான் பேசியது ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் போய்ப் பதிவாகியிருந்தது. அவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டார். நான் பட்டனின் நிலை மாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு, "பதிவு தொடங்கியது" என்று ஆசையாகச் சேர்த்திருந்த அறிவிப்பை எடுத்துவிட்டேன்.